எலும்பு கூடிடுச்சு, ஆனா அத்தை எழுந்து நடக்க மாட்டேங்கறாங்க: நடிப்பா, வலியா?

கேள்விய முதல்ல சுருக்கமா சொல்லிடறேன், நடுவுல வந்து படிக்கறவங்களுக்கும் புரியணும்ல. மஞ்சக்குப்பத்துல வீடு, மாமியாருக்கு 73 வயசு, சுகர் பிபி ரெண்டும் இருக்கு. பின்பக்க பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்புகிட்ட தொடை எலும்பு உடைஞ்சு, பாண்டில ஆபரேஷன் பண்ணி கம்பி வச்சாங்க, இப்ப ரெண்டரை மாசம் ஆச்சு. எக்ஸ்ரே பாத்த டாக்டர் எலும்பு நல்லா கூடி வருது, காலை ஊனி தாராளமா நடக்கலாம்னுட்டார். ஆனா அவங்க நாலடி வச்சா திரும்பி கட்டிலுக்கே போயிடறாங்க, ராத்திரில வலிக்குதுன்னு அழறாங்க, யார் பேசினாலும் எரிஞ்சு விழறாங்க, சாப்பாடு பாதியா குறைஞ்சிருக்கு, ஆனா சுகர் மட்டும் ஏறுது. உங்க வீட்டுக்காரர் "எங்கம்மா நடிக்கறாங்க, கொஞ்சம் அதட்டி வச்சா சரியாயிடும்"ங்கறார். அது சரியான்னு கேக்கறீங்க.

நான் பிசியோதெரபிஸ்ட், கடலூர் பாண்டி ரெண்டு பக்கமும் வீட்டுக்கே போய் வயசானவங்கள பாக்கறது தான் என் வேலை. நேரா சொல்லிடறேன், இது நடிப்பு கிடையாது, அதட்டினா இன்னும் மோசமாகும். வயசானவங்களுக்கு அடி பட்டா வலி மட்டும் வர்றதில்ல, அந்த வலியோட கூடவே ஒரு மன அழுத்தம் வந்து உக்காந்துக்குது, எலும்பு கூடின பிறகும் அவங்கள கட்டில்லயே பிடிச்சு வைக்கறது பெரும்பாலும் இந்த ரெண்டாவது ஆள் தான். டிஸ்சார்ஜ் பண்ணும்போது எலும்புக்கு மாத்திரை எழுதுவாங்க, புண்ணுக்கு எழுதுவாங்க, இதுக்கு யாரும் ஒண்ணும் எழுதறதில்ல, வீட்ல இருக்கறவங்க தலையில தான் வந்து விழும்.

எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லன்னா வலி பொய்னு நம்ம ஊர்ல ஒரு நெனப்பு இருக்கு பாருங்க, அத முதல்ல எடுத்து வெளிய வைக்கணும். உலக அளவுல வலிய பத்தி படிக்கற டாக்டர்களோட சங்கம் ஒண்ணு இருக்கு, அவங்க 1979லயே வலின்னா என்னன்னு எழுதும்போது உடம்புல உணர்றதும் மனசுல படறதும் சேர்ந்த அனுபவம்னு தான் எழுதினாங்க, 2020ல அத திருத்தி எழுதினப்ப கூடவே ஒரு குறிப்பும் போட்டாங்க, ஒருத்தர் எனக்கு வலிக்குதுன்னு சொன்னா அந்த பேச்ச மதிக்கணும்னு. எக்ஸ்ரே எலும்ப மட்டும் தான் காட்டும். தசை, நரம்பு, தையல் போட்ட எடத்துல இறுகிப்போன தோல், ரெண்டு மாசமா தூங்காத மூளை, இதெல்லாம் அந்த பிலிம்ல தெரியாது.

உள்ள என்ன நடக்குதுன்னு கொஞ்சம் சொல்றேன். வலி வந்த உடனே மூளை அத ஆபத்துன்னு எடுத்துக்குது, அட்ரினலின் ஏறுது, அதுக்கு பின்னாடியே கிட்னிக்கு மேல உக்காந்திருக்கற அட்ரினல் சுரப்பில இருந்து கார்டிசால்ங்கற ஹார்மோன் வருது. அடிபட்ட முதல் சில நாள் இது உடம்புக்கு தேவை தான், நல்லது தான். வயசு கம்மியா இருந்தா ஆபத்து முடிஞ்சதும் மூளையே போதும்னு பிரேக் போட்டு நிறுத்திடும், 70 தாண்டினவங்களுக்கு அந்த பிரேக் கொஞ்சம் லூஸ், அதனால வலி விட்டு விட்டு வந்துகிட்டே இருந்தா கார்டிசாலும் இறங்காம ஓடிகிட்டே இருக்கும், முக்கியமா சாயங்காலமும் ராத்திரியும் இறங்க வேண்டிய நேரத்துல இறங்காது. அது ஓடினா என்ன ஆகும், கல்லீரல்ல இருந்து சர்க்கரைய எடுத்து ரத்தத்துல விடும், தசைய கரைக்கும், புண்ணு ஆற தேவையான கொலாஜன் உருவாகறத மெதுவாக்கும், எதிர்ப்பு சக்திய அமுக்கும், தூக்கத்த கெடுக்கும். உங்க அத்தைக்கு சாப்பாடு குறைஞ்சும் சுகர் ஏறுதுன்னீங்களே, அதுல இதுக்கு ஒரு பங்கு இருக்கலாம், படுத்தே இருக்கறதும் சேர்ந்து தான். அவங்க ஒளிஞ்சு ஸ்வீட் சாப்பிடறாங்கன்னு சண்டை போடறதுக்கு முன்னாடி சுகர் டாக்டர்கிட்ட அடிபட்ட விஷயத்தையும் வலியையும் சொல்லி மாத்திரை அளவ பாக்க சொல்லுங்க. சுகர் ஏறினா புண்ணு ஆறறது லேட்டாகும், லேட்டானா வலி நீளும், வலி நீண்டா திரும்ப சுகர்.

இது வெறும் தியரி இல்லங்கறதுக்கு ஒரு ஆராய்ச்சி சொல்றேன், இத நான் போற எல்லா வீட்லயும் சொல்வேன். 1995ல அமெரிக்காவுல ஒஹையோல ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசர்னு ஒரு ஆராய்ச்சியாளர், மறதி நோய் வந்த சொந்தக்காரங்கள வீட்ல வச்சு பாத்துக்கற பொம்பளைங்க 13 பேர், அந்த பாரம் இல்லாத அதே வயசு பொம்பளைங்க 13 பேர், எல்லாருக்கும் கையில 3.5 மில்லிமீட்டர்ல ஒரே மாதிரி சின்னதா ஒரு காயம் போட்டு எத்தன நாள்ல ஆறுதுன்னு பாத்தாங்க. பாத்துக்கற பாரம் இருக்கறவங்களுக்கு சராசரியா 9 நாள் அதிகமா ஆச்சு. ஒரு துளியூண்டு காயத்துக்கே 9 நாள்னா தொடைய கிழிச்சு கம்பி வச்ச காயத்துக்கு யோசிச்சுக்கங்க. இன்னொண்ணும் கவனிங்க, அதுல காயம் ஆறாம கஷ்டப்பட்டவங்க நோயாளி இல்ல, கூட இருந்து பாத்துகிட்டவங்க. உங்க கேள்வியோட கடைசி வரில எனக்கும் தூக்கமே இல்லன்னு போற போக்குல எழுதிட்டு போயிட்டீங்க, அதுக்கும் வர்றேன்.

இப்ப பயத்துக்கு வருவோம், என்னை கேட்டா இது தான் பெரிய விஷயம். விழுந்த ஒரு தடவைக்கு அப்புறம் மூளை ரொம்ப உஷாராயிடும், ஒரு தடவ திருடன் பூந்த வீட்டு நாய் அதுக்கப்புறம் போஸ்ட்மேன பாத்தா கூட குரைக்கற மாதிரி. காலை ஊனினா லேசா ஒரு சுருக் வரும், அது கம்பி வச்ச எடத்துல தசை இழுக்கற சாதாரண வலியா இருக்கும், ஆனா மூளை அத "திரும்ப உடையுது"ன்னு படிச்சுக்கும். உடனே மூச்ச பிடிச்சுக்குவாங்க, உடம்பு மொத்தமும் விறைச்சுக்கும், விறைச்ச தசை இன்னும் வலிக்கும். நீங்களே பாருங்க, அத்தை அடுத்த தடவ வாக்கர் பிடிச்சு நிக்கும்போது காலை பாக்காதீங்க, தோளையும் கைவிரலையும் பாருங்க. தோள் ரெண்டும் காதுகிட்ட ஏறி இருக்கும், விரல் முட்டி வெளுத்து போற அளவுக்கு வாக்கர இறுக்கி பிடிச்சிருப்பாங்க, வாய் மூடி மூச்சு நின்னிருக்கும். இத நடிச்சு காட்டணும்னா நல்லா ட்ரெயினிங் வேணும். இப்படி நின்னா நாலு அடியில களைச்சு போயிடும், களைப்பு வந்தா வலி கூடும், சரி கட்டிலுக்கே போயிடலாம்னு போவாங்க, படுத்த உடனே வலி குறையும், அப்ப மூளை கத்துக்கற பாடம் என்ன, நடந்தா ஆபத்து படுத்தா பத்திரம்.

படுத்தா பத்திரமான்னா சுத்தமா இல்ல. 2007ல வந்த ஒரு ஆய்வு, வியாதி எதுவும் இல்லாத நல்லா இருக்கற 60 வயசு தாண்டினவங்கள பத்தே நாள் படுக்கையில வச்சு பாத்தாங்க, கால்ல மட்டும் கிட்டத்தட்ட 1 கிலோ சதை போயிடுச்சு. நல்லா இருந்தவங்களுக்கு, பத்து நாள்ல. உங்க அத்தை அடிபட்டு, கார்டிசால் ஓடி, சாப்பாடு குறைஞ்சு, ரெண்டரை மாசம். அவங்க கால் நடுங்குதுன்னா அது நெஜமாவே பலம் இல்லாம நடுங்குது.

அந்த பாத்ரூம் விஷயத்த தனியா பேசணும். மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர், முதுநகர் பக்கம் பழைய வீடுங்கள்ல பாத்ரூம் பின்னாடி இருக்கும், ஒரு படி கீழ இறங்கணும், சிமெண்ட் தரை, பாசி, தொட்டி தண்ணி வழிஞ்சு எப்பவும் ஈரம், பல்பு சுவிட்ச் வெளிய எங்கயோ இருக்கும். விழுந்த எடம் அது தான். டெய்லி ரெண்டு மூணு தடவ போக வேண்டிய எடமும் அதே தான். அப்ப நாம நடங்க நடங்கன்னு சொல்றப்ப அவங்க காதுல விழறது, விழுந்த எடத்துக்கு திரும்ப போன்னு. அதனால என்ன பண்ணுவாங்கன்னா, வெளிய சொல்ல மாட்டாங்க, தண்ணி குடிக்கறத குறைச்சுக்குவாங்க. மதியத்துக்கு மேல ஒரு டம்ளர் கூட இறங்காது. தண்ணி குறைஞ்சா மலச்சிக்கல், யூரின் எரிச்சல், அந்த ரெண்டும் சேர்ந்து அடிவயிறும் இடுப்பும் வலி, அதையும் கம்பி வச்ச எடத்து வலின்னு தான் சொல்வாங்க. மலச்சிக்கல் தீர்ந்த உடனே "வலி பாதி போச்சு தம்பி"ன்னு சொன்ன ஆயாங்க நெறைய பேர். வெக்கத்துல யார்கிட்டயும் சொல்லாம வச்சிருந்திருப்பாங்க, மகன்கிட்ட சொல்ல முடியாது, மருமககிட்ட சொல்ல மனசு வராது. நீங்களே ஆரம்பிச்சு கேட்டுடுங்க.

பாண்டி முத்தியால்பேட்டைல ஒரு ஐயா, மில்லுல வேலை பாத்து ரிட்டயர் ஆனவர், அவரும் இதே மாதிரி இடுப்பு தான். ஹால்ல நல்லா நடப்பார், பாத்ரூம் நிலைப்படி வந்தா கதவு சட்டத்த ரெண்டு கையாலயும் பிடிச்சுகிட்டு ஒரு கால தூக்கவே மாட்டார், நெத்தில வேர்த்து கொட்டும். பையன் பின்னாடி நின்னு போப்பா போப்பான்னு தள்ளுவார். தள்ளறத நிறுத்த சொன்னேன். முதல்ல உள்ளயே போக வேணாம், நிலைப்படிகிட்ட சேர் போட்டு உக்காந்து டீ குடிங்கன்னேன், அவருக்கே சிரிப்பு வந்துச்சு. அப்புறம் தரைய நல்லா காய வச்சுட்டு, லைட்ட போட்டு, நல்ல கால் முதல்ல ஏறணும், அடிபட்ட கால் முதல்ல இறங்கணும், அத மட்டும் வெளியில ஒரு படில பழகினோம். சுவத்துல கைப்பிடி ட்ரில் போட்டு மாட்டினாங்க, இந்தியன் டாய்லெட் மேல கமோடு சேர் வச்சாங்க. ஈரத்தரைல நிக்கறது கடைசியில தான். பயப்படற விஷயத்த துண்டு துண்டா வெட்டி சின்னதுல இருந்து ஆரம்பிக்கறது, அவ்ளோ தான் டெக்னிக். டவல் பார்ல பிடிச்சு நிக்க விட்டுடாதீங்க, அது ஆள் வெயிட்ட தாங்காது, கையோட வந்துடும்.

அடுத்தது வீட்டுக்கு வர்றவங்க. நம்ம ஊர்ல ஒருத்தர் விழுந்துட்டார்னா ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிகிட்டு தெருவே வரும், அது நல்ல விஷயம் தான், தனிமை வலிய கூட்டும், நாலு பேர் வந்து பேசறது மருந்து மாதிரி. ஆனா கட்டில் பக்கத்துல உக்காந்து "எங்க பெரியம்மாவும் இப்படி தான் இடுப்பு ஒடிஞ்சு, மூணு மாசம் கூட தாங்கல"ன்னு ஒரு கதை சொல்லிட்டு காபி குடிச்சிட்டு போவாங்க பாருங்க, அந்த ஒரு வாக்கியம் நான் ஒரு வாரமா பண்ணின எக்சர்சைஸ அழிச்சிடும். அந்த ராத்திரி அந்தம்மா தூங்க மாட்டாங்க. வலி இருக்கும்போது மூளை மோசமான பக்கத்தையே புடிச்சுக்கும், இது நெஜமாவே குணமாகறத தாமதப்படுத்துதுன்னு வலி ஆராய்ச்சில பல வருஷமா காட்டிட்டு வர்றாங்க. வாசல்லயே நிறுத்தி சொல்லிடுங்க, அத்தை முன்னாடி விழுந்த கதை வேணாம்னு. கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும். வீட்ல நீங்க பேசறதும் அப்படி தான், "பாத்து பாத்து, விழுந்துடப் போறீங்க"ன்னு கத்தறதுக்கு பதிலா "வாக்கர் முன்னாடி வைங்க, இப்ப கால்"னு என்ன செய்யணுமோ அத சொல்லுங்க.

உங்க வீட்டுக்காரர் அதட்டறது பத்தி. அதட்டினா அந்த நிமிஷம் எழுந்து நடப்பாங்க, ஒத்துக்கறேன். ஆனா உள்ள அதே அட்ரினலின் அதே கார்டிசால். அந்த 1995 ஆய்வு பண்ணின அதே குழு 2005ல கணவன் மனைவி ஜோடிங்கள வச்சு பாத்தப்ப, ஒருத்தர ஒருத்தர் கடுப்பா பேசிக்கற ஜோடிகளுக்கு காயம் ஆறற வேகம், அவ்வளவா கடுப்பு இல்லாத ஜோடிகளோட வேகத்துல 60 சதவீதம் தான் இருந்துச்சு. வீட்டுப் பேச்சு தோல் வரைக்கும் போகுது. அதுக்காக எதிர்பக்கமும் போயிடாதீங்க, தண்ணி டம்ளர் கூட கையில குடுத்து, சாப்பாடு ஊட்டி விட்டு, நகர விடாம பாத்துக்கறது, அது பாசம் தான் ஆனா அவங்களுக்கு போற சேதி "உன்னால முடியாது"ங்கறது. கையால செய்ய முடியறத அவங்களே செய்யட்டும், கீரை ஆயறது, பூண்டு உரிக்கறது, பூ தொடுக்கறது, சேர்ல நிமிர்ந்து உக்காந்து செய்யட்டும். வயசானவங்களுக்கு பெரிய பாரமே "இனிமே நான் எல்லாருக்கும் பாரம்"ங்கற நெனப்பு தான், அத வாய்விட்டு சொல்ல மாட்டாங்க, எரிஞ்சு விழறதா தான் வெளிய வரும்.

மாத்திரை பத்தி. இங்க ரெண்டு விதமான தப்பு பாக்கறேன். ஒண்ணு, மாத்திரை ஜாஸ்தி போட்டா கிட்னி போயிடும்னு வலிய பல்ல கடிச்சு தாங்கறது. தாங்கறதுல பெருமை எதுவும் இல்ல, 2003ல நியூயார்க் ஆஸ்பத்திரிகள்ல இடுப்பு எலும்பு உடைஞ்சவங்கள வச்சு பண்ணின ஆய்வுல, வலி சரியா கட்டுப்படாம விட்டவங்களுக்கு தான் புத்தி தடுமாற்றம் ஜாஸ்தி வந்துச்சு, மாத்திரையால குழப்பம் வரும்னு பயந்து குறைச்சது தான் வினையா முடிஞ்சுது. ரெண்டாவது தப்பு, மெடிக்கல் ஷாப்ல போய் "வலிக்கு ஒரு செட் குடுங்க"ன்னு வாங்கறது. அந்த செட்ல டைக்ளோபினாக், அசெக்ளோபினாக் வகை இருக்கும், சில நேரம் ஸ்டீராய்டு கூட கலந்திருக்கும், சுகர் பிபி இருக்கற 73 வயசு உடம்புக்கு, அதுவும் பிபி மாத்திரையும் நீர் போற மாத்திரையும் ஓடும்போது, கிட்னிக்கும் வயித்துக்கும் நெஜமாவே ஆபத்து. பாராசிட்டமால தான் டாக்டருங்க பொதுவா முதல்ல எழுதுவாங்க, வயசானவங்களுக்கு ஒரு நாள் மொத்தம் 3 கிராமுக்குள்ள வச்சுக்கறது வழக்கம், லிவர் பிரச்சனை இருந்தா எடை குறைவா இருந்தா அதுவும் குறையும், அத டாக்டர் சொல்லணும். டிரமடால், பிரிகாபாலின் மாதிரி எழுதி இருந்தா தலை சுத்தும், அத போட்ட கையோட நடக்க விடாதீங்க, டிரமடால் மலச்சிக்கலும் குடுக்கும். தூக்க மாத்திரை மட்டும் யார் சொன்னாலும் நீங்களா ஆரம்பிக்காதீங்க, ராத்திரி அரை தூக்கத்துல யூரினுக்கு எழுந்து திரும்ப விழுந்தவங்கள பாத்திருக்கேன்.

டைமிங் தான் மாத்திரைய விட முக்கியம். முக்காவாசி வீட்ல வலி உச்சத்துக்கு போன அப்புறம் குடுக்கறாங்க. டாக்டர்கிட்ட கேட்டு நேரம் வச்சு குடுங்க, நடைப்பயிற்சிக்கு அரை மணி முக்கால் மணி முன்னாடி ஒரு வேளை வர்ற மாதிரி. வலி குறைஞ்ச நேரத்துல நடந்தா மூளைக்கு "நடந்தேன், ஒண்ணும் ஆகல"ன்னு ஒரு அனுபவம் பதியுது, அந்த அனுபவம் சேர சேர தான் பயம் கரையும், எங்க கையில இருக்கற பெரிய ஆயுதமே அது தான்.

நடை எவ்ளோன்னா, வலிய வச்சு முடிவு பண்ணாதீங்க, முன்னாடியே முடிவு பண்ணின அளவ வச்சு பண்ணுங்க. கட்டில்ல இருந்து ஹால் ஜன்னல் வரைக்கும்னா அவ்ளோ தான், ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவ. நல்லா இருக்கற நாள்ல "இன்னைக்கு தெம்பா இருக்கே"ன்னு தெருமுனை வரைக்கும் கூட்டிட்டு போயிட்டு அடுத்த ரெண்டு நாள் படுக்கைங்கறது தான் எல்லா வீட்லயும் நடக்கறது, அது வேணாம். 0ல இருந்து 10 வரைக்கும் வலிக்கு மார்க் போட சொல்லுங்க, நடக்கும்போது 4, 5 வரைக்கும் போயிட்டு கொஞ்ச நேரத்துல பழைய நிலைக்கு இறங்கிடுச்சுன்னா, மறுநாள் காலையிலயும் கூடல்லன்னா, அது பரவால்ல. மறுநாளும் ஏறி நின்னா அளவு ஜாஸ்தின்னு அர்த்தம், பாதியா குறைங்க, நிறுத்திடாதீங்க. எழுந்து நிக்கறதுக்கு முன்னாடி மூக்கால இழுத்து வாயால மெதுவா விடற மூச்சு நாலஞ்சு தடவ, விடற மூச்சு நீளமா இருக்கணும், எழும்போது மூச்ச விட்டுகிட்டே எழணும், பிடிக்க கூடாது. கந்த சஷ்டி கவசம் முணுமுணுத்துகிட்டு நடக்கற ஒரு பாட்டி இருந்தாங்க, சொல்லிகிட்டே நடந்தா மூச்ச பிடிக்க முடியாது பாருங்க, நானே அத மத்தவங்களுக்கும் சொல்ல ஆரம்பிச்சேன், அவங்கவங்க சாமி அவங்கவங்க பாட்டு.

முதுகுல கை வச்சு தடவி விடறது, தொடைக்கு மேல வெந்நி ஒத்தடம், இதுக்கும் அர்த்தம் இருக்கு, தொடு உணர்வு போற நரம்பு வலி சேதிய தண்டுவடத்துலயே கொஞ்சம் அமுக்கிடும்னு 1965லயே மெல்சாக், வால்னு ரெண்டு பேர் எழுதி வச்சாங்க. சூடு அளவா இருக்கணும், சுகர் இருக்கறவங்களுக்கு சூடு தெரியாம வெந்துடும், உங்க கையில வச்சு பாத்துட்டு வைங்க. தையல் மேல வேணாம். எண்ணெய் போட்டு இழுத்து நீவி விடறவங்ககிட்ட கூட்டிட்டு போறதும் வேணாம், கம்பி இருக்கற கால் அது.

சாப்பாட்ட சீக்கிரம் சொல்லிடறேன். ரசம் சாதமும் கஞ்சியும் நோயாளி சாப்பாடுன்னு வச்சிருக்கோம், அதுல தசை வளராது. கிட்னி நல்லா இருந்தா ஒரு கிலோ எடைக்கு 1.2 கிராம் புரதமாவது வேணும், 50 கிலோ இருந்தா 60 கிராம். முட்டை, மத்தி, நெத்திலி, பாசிப்பயறு, சுண்டல், தயிர்னு மூணு வேளைக்கும் பிரிச்சு குடுங்க. கடலூர்ல மீனுக்கா பஞ்சம். கால்சியம், வைட்டமின் டி, எலும்பு தேய்மானத்துக்கான மருந்து, இத பத்தி ரிவ்யூல கேளுங்க, ஒரு தடவ இடுப்பு உடைஞ்சவங்களுக்கு அடுத்த எலும்பு உடையற வாய்ப்பு ஜாஸ்தி.

தூக்கம் இல்லன்னா மறுநாள் அதே வலி பெருசா தெரியும், இது யாருக்கும் பொருந்தும். பகல்ல கட்டில்ல இருக்க விடாம வெளிச்சத்துல சேர்ல உக்கார வைங்க, ராத்திரி ஒரு சின்ன லைட் பாத்ரூம் வழி பூரா எரியட்டும், ரெண்டு காலுக்கு நடுவுல தலகாணி. பெட் பக்கத்துல ஒரு மணி, இல்லன்னா செல்போன், கூப்பிட்டா ஆள் வரும்ங்கற நம்பிக்கை இருந்தாலே பாதி பேர் தூங்கிடுவாங்க. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் கரைய கடந்துச்சே, பாண்டில அந்த ஒரு மழைக்கு வீட்டுக்குள்ள தண்ணி, கரண்ட் இல்ல, அதுக்கப்புறம் எனக்கு வந்த போன் பாதி வலி ஜாஸ்தியாயிடுச்சுன்னு தான், ஒருத்தருக்கும் எலும்புல புதுசா ஒண்ணும் இல்ல. சுனாமி, தானே புயல்னு பாத்த தலைமுறை இது, மழை கொட்டினாலே உடம்பு விறைச்சுக்கும்.

ஆனா எல்லாத்தையும் மன அழுத்தம்னு தள்ளிடாதீங்க, அது இன்னும் பெரிய ஆபத்து. ஒரு பக்க கெண்டைக்கால் வீங்கி வலிச்சா, திடீர்னு மூச்சு வாங்கினா, நெஞ்சு வலிச்சா அன்னைக்கே, அந்த மணி நேரமே ஆஸ்பத்திரி, ரத்தக்கட்டியா இருக்கலாம். காய்ச்சல், தையல்ல சீழ், சிவந்து சூடா இருக்கறது, நல்லா நடந்துட்டு இருந்தவங்க திடீர்னு காலை ஊனவே முடியாம போறது, கால் குட்டையா தெரியறது, பாதம் வெளிய திரும்பினது, இதெல்லாம் ஆபரேஷன் பண்ணின டாக்டர் பாக்கணும். எரியுது, கரண்ட் அடிக்கற மாதிரி இருக்குன்னா நரம்பு வலியா இருக்கலாம், அதுக்கு மருந்தே வேற. திடீர்னு ஆள் அடையாளம் தெரியாம பேசறது, பகல்ல தூங்கி ராத்திரி ஏதேதோ பேசறதுன்னா வயசாயிடுச்சுன்னு விடாதீங்க, யூரின் இன்பெக்ஷன், சோடியம் குறையறது, மாத்திரை, வலி எதுவா வேணா இருக்கலாம். ரெண்டு வாரத்துக்கு மேல எதுலயும் ஆசையே இல்லாம, சாப்பிடாம, "என்ன ஏன் காப்பாத்தினீங்க"ன்னு பேசறாங்கன்னா அது மனச்சோர்வு நோய், இடுப்பு எலும்பு உடைஞ்ச வயசானவங்களுக்கு அடிக்கடி வர்றது, மருந்துல சரியாகும், மனநல டாக்டர்கிட்ட காட்டறதுல ஒரு கேவலமும் இல்ல. 14416 டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி போன் நம்பர், காசு கிடையாது, தமிழ்ல பேசுவாங்க, நீங்க உங்களுக்காகவும் கூப்பிடலாம்.

உதவிக்கு, நீங்க கடலூர்ங்கறதால மக்களை தேடி மருத்துவம் இருக்கு, 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சது, சுகர் பிபி மாத்திரைய வீட்டுக்கு கொண்டு வர்றது மட்டும் இல்ல, பிசியோதெரபியும் அதுல உண்டு, உங்க ஏரியா ஆரம்ப சுகாதார நிலையத்துல பேர குடுங்க. இது தமிழ்நாடு அரசு திட்டம், பாண்டில இருக்கறவங்களுக்கு வராது, அவங்க ஜிப்மர் பக்கம் கேக்கலாம்.

இப்ப உங்க தூக்கத்துக்கு. ராத்திரி டியூட்டிய உங்க வீட்டுக்காரரோட பிரிச்சுக்கங்க, வாரத்துல மூணு ராத்திரி அவர் அம்மா ரூம்ல படுக்கட்டும். இது உங்களுக்கு ரெஸ்ட்டுக்காக மட்டும் சொல்லல. ராத்திரி ரெண்டு மணிக்கு அவங்க கட்டில் விளிம்ப பிடிச்சுகிட்டு திரும்ப முடியாம படற பாட்ட அவரே பக்கத்துல இருந்து பாத்தார்னா நடிப்புங்கற பேச்சு வராது. அவர் இல்லாத நேரத்துல நீங்க ஒரு ஆளா கட்டில்ல இருந்து தூக்கி இறக்கறீங்கன்னு நெனைக்கறேன், அப்படி தூக்காதீங்க, உங்க இடுப்பு போயிடும். கட்டில் உயரத்த ஏத்துங்க, உக்காந்தா பாதம் தரைல முழுசா படணும், முட்டிய விட இடுப்பு கொஞ்சம் மேல இருக்கணும், நாலு செங்கல் போதும், ஆடாம இருக்கான்னு பாத்துக்கங்க. அந்த உயரத்துல இருந்து அவங்களே கைய ஊனி எழுந்துடுவாங்க, நீங்க பக்கத்துல நின்னா போதும்.

அடுத்த ரிவ்யூவுக்கு போறதுக்கு முன்னாடி ஒரு வாரம் நோட்டுல எழுதுங்க: காலை, மதியம், ராத்திரி வலி மார்க், எத்தன தடவ நடந்தாங்க, தூங்கின நேரம், மோஷன் போனாங்களா, சுகர். டாக்டர்கிட்ட "வலிக்குதுங்கறாங்க"ன்னு சொன்னா அவர் எக்ஸ்ரேவ தான் பாப்பார், இந்த நோட்ட நீட்டினா மாத்திரை நேரத்த மாத்துவார். அத்தைய வெளிய உக்கார வச்சுட்டு நீங்க மட்டும் உள்ள போய் பேசாதீங்க, அவங்களும் கூட இருக்கட்டும், அவங்களே சொல்லட்டும். நோட்டுல ரெண்டு வாரத்துக்கு அப்புறமும் நடை ஏறலன்னா இங்கயே எழுதுங்க, கட்டில் உயரம், பாத்ரூம் படி, மாத்திரை பேர் மூணும் சேர்த்து எழுதுங்க, பாத்துட்டு சொல்றேன்.